நசீர் போடாத கையெழுத்து

அத்தியாயம் 12

நசீர் அகமது கடனுக்குப் பணம் கட்டத்தான் வங்கிக்குப் போனார். இப்போது கட்ட வேண்டாம் என்று சொன்னார்கள். கேட்கிறவர்களுக்கு இது நல்ல சேதி போலத்தான் இருக்கும். நசீருக்கோ உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

ஏன் என்று சொல்வதற்குமுன், விட்ட இடத்தை ஒரு எட்டுப் பார்த்துவிடுவோம்.

போளூர் ரோட்டில் குஷன் கடை வைத்திருக்கும் நசீரை உங்களுக்குத் தெரியும். திருவண்ணாமலையில் ஓடும் ஆட்டோக்களில் பாதிக்கு அவர் தைத்த சீட்தான். ஒரே மகள் நூரைன், வேலூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. கணக்குப் படித்தாள். அதற்காக வாங்கியதுதான் இந்தக் கல்விக் கடன். கடன் மகளின் பெயரில், கூடவே அப்பாவின் கையெழுத்து. பட்டம் கைக்கு வந்த அன்றே, படித்தது போதும் என்று நசீர் சொல்லிவிட்டார். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தங்கை பிர்தௌஸின் மகன் முபினுக்கு அவளைப் பேசியும் முடித்துவிட்டார்.

கல்யாணம் வரைக்கும் வீட்டில் சும்மா இருப்பானேன், கீழ்பென்னாத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை கற்றுக்கொள்கிறேன் என்று நூரைன் கேட்டாள். அதே ஊரில் தங்கை இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்ற தைரியத்தில் அவரும் விட்டார். மகள் சம்பாத்தியத்தில் ஒரு பைசா தொட மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லியிருந்ததால், சம்பளம் வருகிறதா இல்லையா என்றுகூட ஒரு நாளும் விசாரித்ததில்லை. இது ஒரு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது.

நிக்காஹ் தேதிதான் ஓர் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. ரம்ஜான் முடியட்டும் என்று பிர்தௌஸ் ஒரு முறை தள்ளினாள். பெங்களூரில் முபினுக்கு லீவு கிடைக்கவில்லை என்று இன்னொரு முறை. போன வாரம் போன் செய்து, வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் உன்னிடம் முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள். வெள்ளை அடிப்பதைக் கேட்டதுமே நசீருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முக்கியமான ஒன்றைக் கேட்காமலே போனை வைத்துவிட்டார்.

கடனோடு வருகிற மருமகள் வேண்டாம் என்று நினைக்கிறாள், சொல்ல வாய் வராமல் தேதியைத் தள்ளுகிறாள் என்று அவராகவே முடிவு கட்டினார். நசீரின் பழக்கம் அது. கேள்வியையும் தானே கேட்பார், பதிலையும் தானே சொல்வார், பிறகு அந்தப் பதிலின்மேல் கோபித்துக்கொள்வார். மனைவி அஜ்மத் பேகத்தின் வளையல்களை விற்றார். பாதிக் கடனுக்காவது அது காணும், மீதிக்குக் காலம் கேட்கலாம் என்று வங்கி இருக்கும் வேங்கிக்காலுக்குக் கிளம்பினார்.

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் வந்த ஜனம் இன்னும் ஊரைக் காலி செய்யவில்லை. பஸ் நிலையத்தைத் தாண்டவே அவருடைய மொபெட்டுக்கு அரை மணி பிடித்தது. வங்கிக்குள் நுழையும்போது பதினொன்று.

கடன் பிரிவில் கீதாஞ்சலி என்ற இளவயது அதிகாரி இருந்தாள். கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்ப எதுக்கு சார் கட்றீங்க? உங்க பொண்ணுதான் இன்னும் படிச்சிட்டிருக்காங்களே."

நசீர் சிரித்தார். வேறு யாருடைய கணக்கையோ பார்க்கிறீர்கள், என் மகள் படிப்பை முடித்து இரண்டு வருஷம் ஆயிற்று என்றார். அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்து வைத்தாள்.

முதலில் இருந்தது ஒரு கல்லூரியின் படிப்புச் சான்று. நூரைன், தந்தை பெயர் நசீர் அகமது, பி.எட். இரண்டாம் ஆண்டு. மேலே போட்டோ. வெளிர் மஞ்சள் சேலையில் அரக்குக் கரை, தலையில் முக்காடு, கழுத்தில் கல்லூரி அட்டை. அந்தச் சேலையை அவர் பார்த்ததே இல்லை. முகம் மட்டும் காலையில் அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்த முகம்.

கீதாஞ்சலி பொறுமையாக விளக்கினாள். படிக்கிற காலத்தில் தவணை கிடையாது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைக்கும் கேட்க மாட்டார்கள். அதற்குள் மேற்படிப்பில் சேர்ந்துவிட்டால், கல்லூரிச் சான்றோடு மாணவியும் கடனுக்கு உடன் கையெழுத்துப் போட்டவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். தவணையை ஒத்திவைப்பார்கள். போன வருஷம் அப்படித்தான் ஒத்திவைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் சொன்னதில் பாதிதான் நசீரின் காதில் விழுந்தது. அதற்குள் அவர் அடுத்த தாளைப் பார்த்துவிட்டார்.

அது போன வருஷத்து விண்ணப்பம். கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று நூரைனுடையது. மற்றது உருதுவில் இருந்தது.

இந்த உருதுக் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நசீர் தமிழில் கணக்கு எழுதுவார், இங்கிலீஷில் பில் போடுவார், ஆனால் கையெழுத்து மட்டும் உருதுவில்தான். தமிழில் போட்டால் ஊரில் எவன் வேண்டுமானாலும் போட்டுவிடுவான், என்னுடையதை எவனாலும் தொட முடியாது என்று கடையில் டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பார். வங்கியிலும் அந்தப் பெருமைதான் காரியம் செய்திருக்கிறது. வலமிருந்து இடமாக ஓடும் எழுத்தைப் பார்த்ததும், பாய் கையெழுத்துத்தான் என்று அங்கே இருந்தவர்கள் மேற்கொண்டு உற்றுப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் அவர் அதைப் போடவில்லை.

வளைவுகள் அவருடையவைதான். கடைசியில் இழுத்துவிடும் வாலும் அவருடையதுதான். அவருடைய அவசரம் மட்டும் அதில் இல்லை. நிதானமாக, அழகாக, அச்சடித்த புத்தகத்தில் இருப்பதுபோல் இருந்தது.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

கீதாஞ்சலி சாதாரணமாகத்தான் கேட்டாள். இல்லை என்று சொன்னால் ஒத்திவைத்தது செல்லாது. போன வருஷத்திலிருந்து உள்ள தவணையெல்லாம் ஒன்றாக வந்து தலையில் விழும். அது போகட்டும். கள்ளக் கையெழுத்து என்று ஆகிவிட்டால் மகள் பெயர் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போகும். இவ்வளவையும் அவர் யோசித்தார் என்று சொன்னால் அது பொய். வாய் முந்திக்கொண்டது.

"ஆமாம்மா. என்னுதுதான்."

ஐம்பத்து மூன்று வயதில், கூசாமல் ஒரு பொய். சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தார்.

அவள் புதுப் படிவம் ஒன்றை நீட்டி, இந்த வருஷத்துக்கும் இப்போதே போட்டுவிடுங்கள் என்றாள். இந்தத் தடவை அதிகாரி முன்னால் நேரில்தான் போட வேண்டும் என்று விதியை இறுக்கிவிட்டார்களாம். நசீர் பேனாவை வாங்கினார். கண்ணாடி கொண்டுவரவில்லை, படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குப் போடுகிறேன் என்றார். கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

"நாளைக்கு நாலு மணிக்குள்ள வந்துருங்க சார். நாளையோட கடைசி. உங்க பொண்ணு போன வாரமே சர்டிபிகேட் கொடுத்துட்டாங்க. எங்கப்பா வந்து போட்டுடுவாருனு அவ்ளோ தைரியமா சொல்லிட்டுப் போனாங்க."

அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நசீருக்குப் புரியவில்லை. படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மொபெட் சாவியைக் கீழே போட்டுவிட்டு அதையே தேடிக்கொண்டு நின்றார்.

நேராக வீட்டுக்குப் போனார். அஜ்மத் பேகம் மதியச் சோற்றுக்கு உலை வைத்திருந்தாள். அவர் சொல்லச் சொல்ல, அகப்பையைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது. தினமும் காலை ஏழரைக்கு இரண்டு அடுக்கு டிபன் கட்டிக் கொடுத்து, புர்காவை எடுத்து நீட்டி, பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தவள் அவள். அடுக்கு காலியாகத் திரும்பி வந்தது, அதனால் மகள் ஆபீஸ் போய் வந்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆபீசுக்குப் போன் போடச் சொன்னார் நசீர். நம்பர் இல்லை. ஆடிட்டர் பேர் என்ன என்று கேட்டார். அதுவும் தெரியாது. புப்பு அந்த ஊரில் இருக்கிறாளே என்று இரண்டு பேருமே கேட்காமல் விட்டிருந்தார்கள். அத்தையை அந்த வீட்டில் புப்பு என்றுதான் சொல்வார்கள். நூரைனின் செல்போன் அணைந்திருந்தது. பகலில் எப்போதுமே அது அப்படித்தான். ஆபீசில் செல்போன் பேசக் கூடாதாம் என்று மகள் சொன்னதை அதுவரை நம்பியிருந்தார்கள்.

"நீ போட்டியா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நான் எங்கங்க போடறது. எனக்கு ஓதத்தான் தெரியும், எழுதத் தெரியாதே."

நூரைனுக்கும் தெரியாது. அவள் படித்ததெல்லாம் தமிழும் இங்கிலீஷும். இந்தக் குடும்பத்தில் உருது எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் இதோ வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். இன்னொருத்தியின் பேர் இருவர் மனசிலும் ஒரே நேரத்தில் வந்தது. இருவருமே அதைச் சொல்லவில்லை. அஜ்மத் சோறு போடட்டுமா என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் வண்டியை எடுத்தார்.

கீழ்பென்னாத்தூர் போய்ச் சேரும்போது மணி மூன்று. கணவர் போன பிறகு பிர்தௌஸ் வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். காப்பி எடுப்பதைவிட விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதுதான் அவளுக்கு அதிக வேலை. கல்லூரி, ஸ்காலர்ஷிப், கல்விக் கடன் என்று சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். எந்தத் தாளில் எந்த இடத்தில் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பத்தாவதோடு நின்றவள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

"இன்னா பாய்ஜான், இந்த வெயில்ல வந்துக்கிறே" என்று எழுந்தாள். அண்ணனுடைய முகத்தைப் பார்த்ததும் தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். நசீரும் பின்னாலேயே போனார். பின்கட்டில் துணிக் கொடி. அதில் வரிசையாக மூன்று சேலைகள் காய்ந்துகொண்டிருந்தன. மூன்றும் வெளிர் மஞ்சள், மூன்றிலும் அரக்குக் கரை.

ஆக, மகள் புர்காவோடு இங்கே வருகிறாள், சேலை மாற்றிக்கொண்டு காலேஜுக்குப் போகிறாள், சாயங்காலம் மறுபடியும் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். ஒரு வருஷமாக. காகிதத்தில் பார்த்தபோதுகூட எங்கோ ஒரு தப்பு நடந்திருக்கும் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தார். ஈரச் சேலையிடம் அந்த நம்பிக்கை செல்லவில்லை.

மடித்த படிவத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"போன வருஷம் போட்டது நீதானே."

"ஆமா. நான்தான் போட்டேன்."

மறுப்பாள், அழுவாள், நாம் கத்தலாம் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்தவருக்கு அந்த ஒற்றைப் பதிலில் கத்த வேண்டியதெல்லாம் மறந்துபோயிற்று. இது ஜெயிலுக்குப் போகிற காரியம் என்று மட்டும் சொன்னார். தெரியும் என்றாள் அவள். தேதியைத் தள்ளியதும் இதற்காகத்தானா என்று கேட்டார். படிப்பு முடிய இன்னும் எட்டு மாதம், அதுவரைக்கும் வெள்ளை அடிப்பதாகத்தான் இருந்தேன் என்றாள். போன வாரம் இதைச் சொல்லத்தான் போன் செய்தாளாம். இந்த வருஷம் நேரில் போட வேண்டும் என்று தெரிந்த பிறகு அவளுக்குத் தூக்கமே இல்லையாம். அவர்தான் பாதியில் வைத்துவிட்டார்.

"என் கையெழுத்த எவனாலயும் போட முடியாதுன்னு இருந்தேன்" என்றார் நசீர். அவருக்கே அது சின்னப் பிள்ளையின் புகார் போலக் கேட்டது.

பிர்தௌஸ் பீரோவைத் திறந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதிலிருந்த தாளைக் கட்டில்மேல் விரித்தாள். பழுத்துப்போன தாள். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கான விண்ணப்பம். மாணவி பெயர் பிர்தௌஸ். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. கீழே பாதுகாவலர் கையெழுத்து என்ற இடத்தில் உருதுவில் நசீர் அகமது.

அதையும் அவர் போடவில்லை.

நசீருக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அப்பா இறந்து நாலு மாதம். இருபத்தொரு வயதில் வீட்டுக்குப் பெரியவனானவர் அவர். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த தங்கை இந்தத் தாளைக் கொண்டுவந்து தையல் மெஷின் பக்கத்தில் நின்றாள். முடியாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது அவள் சண்டை போட்டிருப்பாள். கடையில் வேலை ஜாஸ்தி, நாளைக்குப் போடுகிறேன் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். கடைசித் தேதி தாண்டும்வரை நாளைக்கு நாளைக்கு என்றே ஓட்டிவிட்டார்.

"ஒரு நோட்டு முழுக்க எழுதிப் பழகினேன் பாய்ஜான்" என்றாள் பிர்தௌஸ். குரலில் கோபம் இல்லை. "கரெக்டா வந்துடுச்சி. போட்டும் போட்டுட்டேன். ஸ்கூல் கேட்டு வரைக்கும் எடுத்துக்கினு போனேன். எனக்குன்னு கொடுக்கத்தான் தைரியம் வரல."

நசீர் கட்டிலில் உட்கார்ந்தார். வங்கியில் வந்தது வெறும் அதிர்ச்சி. இது வலித்தது. முப்பத்திரண்டு வருஷமாகத் தங்கைக்குப் படிப்பில் அவ்வளவாக நாட்டமில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். நம்பியும் இருந்தார். பழைய தாள் கட்டில்மேல், புதுத் தாள் அவர் கையில். இன்று காலை வங்கியிலும் அவர் வாயிலிருந்து வந்தது அதே நாளைக்குத்தான்.

சரி, நூரைன் எப்படித் துணிந்தாள், அப்பனை ஏமாற்ற அவளுக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்டார்.

முதல் முறையாகப் பிர்தௌஸ் முகத்தில் பயம் தெரிந்தது.

"அவ ஏமாத்தல. நீ போட்டதாதான் அவ நெனச்சிக்கினு இருக்கா. உங்கப்பாவுக்கு சம்மதம்தான், ஊர் வாய்க்குப் பயந்து வெளிய சொல்ல மாட்டாரு, நீயும் தெரியாத மாதிரியே இருன்னு நான்தான் சொன்னேன்."



ஒரு வருஷமாகக் காலை டீயை அம்மாவிடம் விடாமல் நூரைனே கொண்டுவந்து கொடுப்பது. கிளம்பும்போது வாசலில் ஒரு நொடி நின்று, போயிட்டு வரேம்பா என்று அவர் கண்ணைப் பார்த்துச் சொல்வது. கல்யாணமாகிப் போகப் போகிற பெண் என்று நினைத்து அவர் உருகியதெல்லாம் தப்புக் கணக்கு. செய்யாத காரியத்துக்கு ஒரு வருஷமாக மகளிடம் நன்றி வாங்கிக் குடித்திருக்கிறார்.

"அவகிட்ட நான் சொல்லிடட்டுமா?" என்று தங்கை கேட்டாள்.

எதை என்று அவர் கேட்பதற்குள் முன்னறைக் கதவு திறந்தது. பரீட்சை நேரமோ என்னவோ, இன்று சீக்கிரமே விட்டிருக்கிறார்கள். வெளிர் மஞ்சள் சேலையும் கழுத்தில் அட்டையுமாக நூரைன் உள்ளே வந்தாள். வாசலில் நின்ற மொபெட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். ஆனால் பதறவில்லை, முகத்தை மறைக்கவில்லை, சேலையை இழுத்து மூடவில்லை. அந்தச் சேலையில் அப்பா தன்னைப் பார்க்கட்டும் என்று ஒரு வருஷமாகக் காத்திருந்தவள்போல் நின்றாள். பிர்தௌஸ் பழைய தாளை மெல்ல முந்தானைக்குள் மறைத்தாள்.

நூரைனின் பார்வை அப்பா கையிலிருந்த வங்கிப் படிவத்தின்மேல் விழுந்தது. அவள் முகம் மலர்ந்தது.

"இந்த வருஷமும் போட்டுட்டீங்களாப்பா?"